அசையாதீங்க, ரூம் டோன்

தம்பி சினிமா எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, ஹீரோ யார் என்பது. ஹீரோ கிடையாது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, உண்மையைச் சொன்னால் பட்ஜெட்டே கிடையாது. அக்கா வீட்டில், அக்காவின் டீத்தூளைக் காலி செய்தபடி, ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த படம். கதாநாயகி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால் தோள்வரை முடியோடு ஒரு கதவைத் திறப்பாள், அடுத்த அறைக்குள் காதோடு வெட்டிய முடியோடு நுழைவாள்.

அதெல்லாம் அக்காவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு உறுத்தியது கதை. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருத்தி, அவளுடைய அப்பா செத்துப்போகிறார், அவள் அழவில்லை. அக்கா நடத்துவது டிரைவிங் ஸ்கூல். இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பா செத்துப்போனார். அவள் அழவில்லை. இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் கார் பழக வருபவர்கள் மொய்க்கும் நாள் என்பதால், படப்பிடிப்பு நடந்தபோது அவள் பெரும்பாலும் வீட்டில் இல்லை. கதையைத் தம்பி அவளிடம் சொன்னதே திரையிடலுக்கு முந்தின நாள்தான்.

அப்பா செத்த அன்று பெரியம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நாக்கில் நரம்பில்லாமல் ஒன்று சொல்லியிருந்தாள். "பெத்த பொண்ணு, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு. கல்நெஞ்சுக்காரி." அது குடும்பம் முழுக்கப் பரவி, அக்காவோடு பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. இப்போது தம்பி அதையே திரைகட்டிக் காட்டப்போகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னைக் கல்லுன்னு காட்டியிருந்தா, நாளையிலேர்ந்து நீ எனக்குத் தம்பியும் இல்ல, நான் உனக்கு அக்காவும் இல்ல. வீட்டுச் சாவியை வச்சிட்டுப் போயிடு," என்றாள்.

"பாத்துட்டுச் சொல்லுக்கா," என்றான் தம்பி. சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அக்கா, சொன்னதைச் செய்தே தீருகிற ரகம்.

திரையிடல் நூலக மாடியில், ஒரு சின்ன ஹாலில். மதிய வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னல் திரைகளைத் துணிக் கிளிப்பால் பிடித்திருந்தார்கள். அக்கா வாசல் பக்கத்து ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்து போக வசதியாக. ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி பெரியம்மா வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. பிணமாக நடித்தவர் நிஜமாகவே தூங்கிவிட்டதால் வயிறு அழகாக ஏறி இறங்கியது. "உயிர் இருக்கு போலிருக்கே, டாக்டரக் கூப்பிடுங்கப்பா," என்றார் சித்தப்பா. ஹாலே சிரித்தது. கதாநாயகி நாற்காலி வாடகைக்கு எடுத்தாள், அப்பாவின் அடையாள அட்டையைத் தேடினாள், சவ வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத டிரைவரை இறக்கிவிட்டுத் தானே எடுத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "ஆமா, காலையில. ஆமா, தூக்கத்துலதான்." அதே வார்த்தை, அதே குரல். நாலாவது போன் வரைக்கும் ஜனங்கள் சிரித்தார்கள். எட்டாவதில் யாரும் சிரிக்கவில்லை. பதினோராவதில் சித்தப்பா மூக்கைச் சிந்தினார்.

"எல்லாத்தையும் ஒருத்தியே பாக்குறாளே," என்று பெரியம்மா முணுமுணுத்தாள். "அந்த வீட்டுல வேற ஆளே இல்லையா?"

அக்கா நாற்காலியை இன்னும் அரை அடி வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

பிறகு கடைசிக் காட்சி. காலிக் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் டீத் தட்டோடு ஒருத்தி. மருந்துக்கடைக்காரி இல்லை. அக்காவேதான்.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. காட்சி முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வசதியான படம் என்றால் அதற்குத் தனிக் கருவி இருக்கும். இவர்களிடம் இருந்தது கேமரா ஒன்றுதான். சத்தம் வேண்டுமென்றால் படமும் சேர்ந்து வரும். ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் கேமராக்காரன், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுகூடக் கவனிக்காமல் பட்டனைத் தட்டிவிட்டு, "ரூம் டோன், யாரும் அசையாதீங்க," என்று சொன்ன நேரம் பார்த்து, அன்று சீக்கிரம் வந்துவிட்ட அக்கா எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். நிற்கச் சொன்னார்கள், நின்றாள். அது அப்பாவின் கட்டில். இரண்டு வருஷமாக அந்த அறையைப் பெருக்கியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள். நின்றதில்லை.

திரையில் அவள் தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் கட்டிலைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கல்லேதான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் காலைக் கவனித்தாள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுபவர் தடுமாறினால் அக்காவின் வலது கால் தானாகப் போய் அதை அமுக்கும். திரையில் அந்தக் கால் வெறும் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. முழங்கால் நடுங்க, விரல்கள் வெளுக்க, ஒரு நிமிஷம் முழுக்க விடாமல் அமுக்கியது. தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. போய்விட்ட அப்பாவை அவள் இன்னமும் நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா உடைந்துவிட்டாள். நாகரிகமான அழுகையெல்லாம் இல்லை, மூக்கும் வாயும் ஒழுக, பின்வரிசை எழுந்து பார்க்கும்படியான அழுகை. தம்பி ஓடிவந்து காலடியில் குந்தினான்.

"அக்கா, வேணாம்னா வெட்டிடறேன்."

"இத நீயாடா எழுதின?"

"இல்லக்கா. சத்தத்துக்காக எடுத்தது. எடிட் பண்ணும்போதுதான் பாத்தேன். அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல."

"கை வச்சே, தொலைச்சிடுவேன்."

பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, இவ்வளவையும் உள்ள வச்சிருந்தியா? அன்னைக்கே அழுதிருக்கக் கூடாதா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு யாரு பெரியம்மா என்னை ஒரு நிமிஷம் நிக்க விட்டீங்க? நீங்க மட்டும் மூணு தடவ காபி கேட்டீங்க. அதுல ஒண்ணு சக்கரை இல்லாம."