கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில்

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தி உட்கார்ந்து, அவள் ஒரு கறுப்பு ஒயரின் தோலைப் பிளேடால் சுற்றிச் சுற்றிச் சீவிக்கொண்டிருந்தாள். தோலுக்கு அடியில் வெள்ளி நிறத்தில் மெல்லிய கம்பி வலை. வலைக்குள் நுரை போல ஒரு வெள்ளைக் குழல். அதற்கும் உள்ளே, நட்டநடுவில், ஒற்றைச் செம்புக் கம்பி. வலையைப் பின்னலாக முறுக்கி, செம்புக் கம்பியை வளைத்து அதோடு சேர்த்துக் கட்டினாள்.

"இப்ப பாக்கச் சொல்லுங்க அண்ணி."

மாடிப்படியின் கீழே நின்றிருந்த நாத்தனார் வீட்டுக்குள் தலையை நீட்டி, "கேக்குதாடா?" என்றாள். உள்ளேயிருந்து கணவன் சொன்ன பதில் மாடிக்கு எட்டவில்லை. அவனுடைய குரல் இப்போதெல்லாம் கட்டிலைத் தாண்டினாலே பெரிது. நாத்தனார்தான் அதை வாங்கி மேலே அனுப்பினாள்.

"இதுல இல்லையாம். அடுத்த ஒயர்ல மாட்டுறானாம், இரு."

அவள் இருந்தாள். கீழே மெல்லிய சத்தம் ஒன்று, பூச்சி ரீங்கரிப்பது போல.

"ஆங், மீட்டர் கத்துது. பச்சை நூல் கட்டிட்டான். இறங்கி வா, வெயில் ஏறுது."

காலையில் இந்த வேலை தொடங்கியபோது, மூச்சு வாங்குகிறவனை ஒயரோடு விளையாட விடுகிறாளே என்று நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இப்போது எந்த ஒயருக்கு எந்த நிற நூல் என்பது அவளுக்குத்தான் மனப்பாடம்.

அந்த வட்டாரத்தில் அவனைக் கேமராக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடைகளிலும் கிடங்குகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் கேமரா மாட்டியவன். தொழில் தொடங்கிய நாளில், பழகிக்கொள்வதற்காகத் தன் வீட்டையே குடைந்து நாலாபக்கமும் கேபிள் ஒயர் ஓட்டியிருந்தான். அந்தக் காலத்துக் கேமராக்கள் பழுதாகிப் போயின. ஒயர்கள் மட்டும் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றின் உள்முனைகள் பின்னறைச் சுவரில் ஒரு துளை வழியாக ஜடாமுடி போலத் தொங்கின. எது எங்கே போகிறது என்று போட்டவனுக்கே மறந்துவிட்டது. வெளிமுனையில் கம்பியையும் வலையையும் சேர்த்தால், இங்கே சரியான ஒயரில் மாட்டிய மீட்டர் கத்தும்; அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தேடினார்கள்.

அந்தப் பின்னறையில்தான் இப்போது அவன் கட்டில். "வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நிம்மதி என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் புரிந்தது. மூவரும் புரியாதது போலவே இருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் உண்டு. ஆனால் உயரத்தில் இருந்ததால், படுத்திருப்பவனுக்கு அதில் தெரிவதெல்லாம் ஒரு சாண் வானம்.

இந்த வாரத் தொடக்கத்தில் அவன் பரண்மேல் இருந்த ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வரச் சொன்னான். ஏதோ வேலையில் மிஞ்சிய புதுவகைக் கேமரா ஒன்றும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு கறுப்புப் பெட்டிகளும் அதில் இருந்தன. இந்தக் கேமராவுக்கு வேறு மாதிரி ஒயர் வேண்டுமே என்று அவள் கேட்டாள். கேள்வி கேட்பது அவள் சுபாவம். துணி ஆலையில் தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பிப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பது அவள் வேலை. வீட்டிலும் எதையும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். அவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டர்.

புது ஒயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும், அதற்கெல்லாம் இனி யார் என்று அவன் சொன்னான். பழைய ஒயரின் இந்த முனையில் ஒரு பெட்டி, அந்த முனையில் ஒரு பெட்டி. இங்கிருந்து கரண்ட் போகும், அங்கிருந்து படம் வரும்.

"ஒரே கம்பியிலயா? எதிரும் புதிருமா வந்தா முட்டிக்காதா?"

"நீயும் நானும் ஒரே வீட்டுல இல்லையா? முட்டிக்கிட்டாலும் ஓடிக்கிட்டுதான இருக்கு." சொல்லிவிட்டு, சிரித்ததற்கான மூச்சைத் திரும்பச் சேர்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நல்ல செம்பு. சுவத்துக்குள்ள சும்மா படுத்துக் கிடக்குது. போறதுக்குள்ள ஒரு வேலை குடுப்போம்."

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் அவன் நேராகப் பதில் சொல்லவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றுகிறது, வேறு ஏதாவது பார்க்கலாமே என்றான். அவளுக்கு அது போதவில்லை. வாசலா, தெருவா, எதிர்வீட்டு டெய்லர் கடையா? டெய்லரிடம் ஏணி கொண்டுவரச் சொல்லியிருந்தான், கேமராவை மேலே திருகி மாட்ட. அவரிடம்கூட எந்த இடம் என்று சொல்லவில்லை. ஐந்து நாளாக அவள் அதையே குடைந்துகொண்டிருந்தாள். அந்தப் படம் வந்து, அதை அவன் பார்த்துவிட வேண்டும். கடவுளிடம் அவள் இப்போது கேட்பது அதற்கான அவகாசம் மட்டும்தான். பெரிதாகக் கேட்கிற தைரியம் போய்விட்டிருந்தது.

மாடியிலிருந்து இறங்கி அவள் உள்ளே வந்தபோது அவன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். மடிமேல் மீட்டர். ஒயர்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு நூல்கள் தொங்கின. அவள் ஆலையிலிருந்து கொண்டுவந்த துண்டு நூல்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

"மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்டா," என்றாள் நாத்தனார். "இந்த நேரத்துல சாமியை நினைச்சு ரெண்டு வார்த்தை சொன்னா புண்ணியம்."

"நீ சொல்லுக்கா. எனக்கும் சேத்துச் சொல்லு. உனக்கு சிக்னல் நல்லாக் கிடைக்கும்."

நாத்தனார் திட்டுவதற்கு வாயெடுத்து, சிரிப்பு வந்துவிட, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அவன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். இன்னும் ஒரே ஒரு முனைதான் என்றான். பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு மேலே, சன்ஷேடுக்கு அடியில், பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிச் செருகியிருப்பானாம். ஸ்டூல் போட்டால் எட்டும்.

அவள் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது.

"அங்கயா? கேட்டுப் பக்கம் இல்லையா?"

"கேட்டு எதுக்கு? கேட்டு சத்தம் எனக்கே கேக்குது. கதவு சத்தமும் கேக்குது. ரெண்டுக்கும் நடுவுலதான் என்னன்னு தெரியல."

இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல. சாயங்காலம் அவள் வேலை முடிந்து சந்து வழியாக வருவாள். பின்பக்க இரும்புக் கேட் கிறீச்சிடும். கதவு உடனே திறக்காது. நடுவில் சும்மா கொஞ்ச நேரம் போகும். அவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று அவன் கட்டிலில் இருந்தபடி கேட்பான். செருப்புக் கழற்றினேன் என்பாள். "செருப்பா? உனக்கென்ன மரவட்டை மாதிரி நூறு காலா?" என்பான். நாத்தனாரும் சேர்ந்து சிரிப்பாள். அதோடு முடிந்துவிடும்.

கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் அந்தத் துவைக்கிற கல் இருந்தது. அவன் படுத்த நாளிலிருந்து, உள்ளே போகுமுன் அவள் அதில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அன்றைய பங்கை அழுது தீர்ப்பாள். பிறகு பக்கத்துக் குழாயில் முகம் கழுவி, சிரிப்பைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறப்பாள். அது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மீட்டரின் கிளிப்பை நூல் கட்டாத ஒயரில் கவ்வ வைப்பதில் கவனமாக இருந்தான். இரண்டாம் தடவைதான் கவ்வியது.

"நீ உள்ள வரும்போது சிரிச்ச முகமா வர்ற," என்றான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது செக்கிங் முடிஞ்சு வர்ற பீஸு. எனக்குக் காட்டாம ஒதுக்கி வைக்கிறியே, அதை ஒரு தடவை பாக்கணும்."

நாத்தனார் ஏதும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பின்பக்கம் போனாள்.

ஒயர் அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. பிளாஸ்டிக் காகிதம் பொடிந்து உதிர்ந்தது. தோலைச் சீவினாள். மற்ற முனைகளில் பச்சை படர்ந்திருந்த செம்பு, இதில் நேற்றுப் போட்டது போல மினுங்கியது. வலை ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் பிரிந்து நின்றன. அவள் அவற்றைச் சேர்க்கவில்லை.

"எலி கடிச்சிருக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நம்புவான். நம்பியதாகக் காட்டிக்கொள்வான். கேமரா வாசலுக்குப் போய்விடும். நோயாளியின் கண்ணில் படாமல் அழுவது அவனுக்குத் தான் செய்கிற உபகாரம் என்று இத்தனை நாள் இருந்தாள். அங்கே படுத்துக்கொண்டு கேட் சத்தத்துக்கும் கதவு சத்தத்துக்கும் நடுவில் ஒருவன் தினமும் காத்திருந்தான் என்பது அவள் கணக்கில் வரவே இல்லை. ஒருவரை ஒருவர் தாங்குவதாக நினைத்து இரண்டு பேரும் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள்.

"இப்ப?" ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது. இங்கே நின்றால் நாத்தனாரின் அஞ்சல் தேவையில்லை.

"இருங்க," என்றாள். "கை வழுக்குது."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். செம்புக் கம்பியை வளைத்து வலையோடு சேர்த்து, அவிழாதபடி இறுக்கி முறுக்கினாள்.

ஜன்னலுக்குள் மீட்டர் கூவியது. காலையிலிருந்து அவள் மூட்டிவிட்ட சத்தத்தை அப்போதுதான் முழுதாகக் கேட்டாள். ஒரே சுருதி. விடாமல் வந்தது.

"கேக்குதா?"

பதில் இல்லை.

"கேட்டுக்கிட்டே கேக்கலைன்னு விளையாடாதீங்க. எனக்கே இங்க கேக்குது."

மீட்டர் கூவிக்கொண்டிருந்தது. "டேய்," என்றாள் நாத்தனார் உள்ளே. பிறகு, "தம்பி," என்றாள், தூங்குகிற குழந்தையை எழுப்ப மனமில்லாதவள் போல. ஸ்டூலிலிருந்து இறங்க வேண்டும் என்று இவளுக்குத் தெரிந்தது. இறங்கி உள்ளே போனாள்.

அவன் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் வேதனை இல்லை. சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுக்கிறவனின் முகம் அது. ஒரு கை மீட்டரின் மேல் இருந்தது. நாத்தனார் அவன் கண்ணை மூடிவிட்டு, போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். இருவரும் கட்டிலின் இரண்டு பக்கம் நின்றார்கள்.

சொன்னபடி டெய்லர் ஏணியோடு வந்தார். பின்னறை வாசலில் நின்றதுமே அவருக்குப் புரிந்தது. ஏணியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார். பிறகு அந்தக் கூவலைக் கேட்டு, ஒரு நம்பிக்கையோடு நிமிர்ந்தார்.

"மெஷின் இன்னும் ஓடுதேம்மா? வண்டியைக் கூப்பிடவா?"

"அது ஆஸ்பத்திரி மெஷின் இல்லப்பா," என்றாள் நாத்தனார். "அவனோடது."

அதை எப்படி நிறுத்துவது என்று அவள் குனிந்து தேடினாள். இருக்கட்டும் அண்ணி, என்று மனைவி தடுத்தாள். ஆகவே அது இருந்தது. டெய்லர் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டருக்கு நாத்தனார் போன் செய்தாள். அந்தப் பேச்சுகளுக்கெல்லாம் அடியில் ஒரே சுருதியாக அது ஒலித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களில் யாரும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் எதற்கோ அது வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். கேட்காமல் விடுவதிலும் ஒரு தயவு உண்டு.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். பின்பக்கம் போய், ஸ்டூலில் ஏறி, தான் முறுக்கிய முறுக்கைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று பிரிந்ததும் ஜன்னலுக்குள் சத்தம் நின்றது. உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்களும் சட்டென்று நிறுத்தினார்கள்.

செம்புக் கம்பி குத்தாதபடி வளைத்துச் செருகினாள். கல்லில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முந்தானை மடியிலேயே கிடந்தது.

கேட் கிறீச்சிட்டது. சந்து வழியாக யாரோ வந்தார்கள். டெய்லர் எங்கிருந்தோ விரைந்து வந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "முன்வாசல் வழியா வாங்க, இங்க ஏணி இருக்கு," என்றார். ஏணி உள்ளே பின்னறைச் சுவரில் இருந்தது. தன் முதுகை மட்டும் அவளுக்குக் காட்டியபடி, கேட்டை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

குழாயைத் திறந்து அவள் முகம் கழுவிக்கொண்டாள். கதவைத் தள்ளினாள். வந்தவர்கள் முன்னறைக்குப் போயிருந்தார்கள். பின்னறையில் நாத்தனார் மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்து, நான்கு ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள். நூலில்லாமல் இருந்த ஒயரிலும் இப்போது ஒரு நூல் இருந்தது. வெள்ளை.

"செருப்பு கழட்டிட்டு வர நேரமாயிருச்சுங்க," என்றாள் அவள், கட்டிலைப் பார்த்து.

நாத்தனார் குனிந்து அவள் காலைப் பார்த்தாள். வெறுங்கால். கதவிலிருந்து கட்டில் வரைக்கும் தரையில் ஈரத் தடம். நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.