டேப்புக்காரி

போர்வையைக் கழுத்துவரை இழுத்தால் பாதம் வெளியே வந்தது. பாதத்தை மூடினால் மார்பு தெரிந்தது. உயரம் தாண்டுவதில் ஐந்து முறை தேசிய சாம்பியனாக இருந்து, இப்போது நோயில் படுத்துவிட்ட அக்காவுக்கு, அவள் அளவுக்கு ஒரு போர்வை வீட்டில் இல்லை. தங்கை இன்னொன்றைக் கால்மாட்டில் விரித்துக்கொண்டிருந்தபோது வாசல் இருண்டது. தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள் டேப்புக்காரி.

அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்த நாளில், அக்கா ஓட ஆரம்பிக்கும் இடத்தில் ஒட்டியிருந்த டேப்பை நகர்த்தி வைத்தவள். அக்கா மூன்று தடவையும் கம்பைத் தட்டிவிட்டாள். இவள் விமானம் ஏறினாள். அக்கா அதற்கப்புறம் பெரிய போட்டி எதிலும் தாண்டவில்லை.

"வாங்கம்மா," என்றாள் அக்காவைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ், பழகிய குரலில்.

தங்கைக்குச் சுருக்கென்றது. "இவங்கள உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை ஆனா வருவாங்களே. ஆறு மாசமா."

செவ்வாய்க்கிழமை தங்கைக்கு இருட்டும்வரை வேலை. ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். நோயாளியின் வாயிலிருந்து ஒரு மன்னிப்பைக் கறந்துகொண்டு போகவா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? கையைப் பிடிக்காத குறையாக அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"அவளப் பார்க்கத்தான்."

"அன்னைக்கு டேப்புகிட்ட நீங்க குனிஞ்சத என் கண்ணால பார்த்தேன்."

"குனிஞ்சேன். ஓரம் எழும்பியிருந்துச்சு, அழுத்திவிட்டேன். நகர்த்தல."

"அப்ப டேப்புக்குக் கால் முளைச்சுதா? தூறல்ல பழைய டேப் பேந்துபோச்சு. அக்கா கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டிருந்தா, அதனால அளக்க என்னை அனுப்பினா. குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி வச்சு நாப்பத்திரண்டு அடி. ரெண்டு தடவ எண்ணினேன்."

"எந்த ஷூவுல?"

"அக்கா ஷூதான். அவ போட்டுக் கழிச்சதெல்லாம் எனக்குத்தானே வரும். துணி அடைச்சுப் போட்டுக்குவேன்."

டேப்புக்காரி, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விடு. நான் கெளம்புறேன்."

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வருடம்தான் அக்கா புது ஸ்பைக் ஷூவுக்கு மாறியிருந்தாள். நீளம் கூடின ஷூ. அடிக்கு ஒரு நெல்மணி குறைந்தாலும் நாற்பத்திரண்டு அடிக்கு ஒரு சாணுக்கு மேல் போய்விடும். எண்ணிக்கை சரிதான், அளந்த கால்தான் தப்பு. இத்தனை வருடம் யாரைத் திட்டித் தீர்த்தோம் என்று நினைக்கவே கூசியது.

"அக்காவுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே. எல்லாரும் போனப்புறம் தானே அளந்து பார்த்தா. நான் பக்கத்துல நின்னேன்."

"ஏன் ரெண்டு பேரும் சொல்லல?"

"உனக்குப் பதினாலு வயசு. 'தங்கச்சிக்குத் தெரிஞ்சா உடைஞ்சுபோவா. நீ ஜெயிச்சவதானே, கொஞ்ச நாள் பழிய சுமக்கக் கூடாதா'ன்னு கேட்டா. சரின்னுட்டேன். இத்தன வருஷம் இழுக்கும்னு நெனைக்கல."

கூடத்தில் அண்ணனின் குரல் உயர்ந்தது. "இவள யாரு உள்ள விட்டது?"

ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றிருந்தது. அக்காவைக் கிடத்திய ஸ்டிரெச்சரைத் தூக்க அண்ணனும் ஓட்டுநரும் மட்டும் கால்மாட்டில் தயாராக நின்றார்கள்.

"தப்பா அளந்தது நான் அண்ணா. இவங்க நகர்த்தல," என்றாள் தங்கை.

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் விளக்கிக்கொண்டு நிற்கவுமில்லை. "தலைமாட்டுல ஒரு பக்கம் பிடிங்கக்கா," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் போய் நின்றாள்.

தூக்கினார்கள். இருவரின் உயரமும் ஒத்துவராமல் ஸ்டிரெச்சர் தங்கையின் பக்கம் சரிந்தது. டேப்புக்காரி முழங்காலை மடித்துத் தாழ்ந்துகொண்டாள். வண்டிவரைக்கும் அப்படியே நடந்தாள்.