பந்தியில் மீந்த ரொட்டி

எங்கள் சபையில் யார் வாயைத் திறந்து ஜெபித்தாலும் என் ஜெபம் மாதிரி வராது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். "சவுந்தரம் முழங்கால் போட்டா மேல கேக்கும்லா" என்று பால்ராஜ் மூப்பரே சொல்லியிருக்கிறார். மேலே கேட்டதோ இல்லையோ, கீழே பினாங்கு முழுக்கக் கேட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

1927ஆம் வருஷம். வெள்ளைக்காரர்கள் தங்கள் பிரெஸ்பிட்டேரியன் கோயிலில் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு அதே கோயிலில் எங்களுக்குத் தமிழ் ஆராதனை. புதன்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். சனிக்கிழமை கோயிலைக் கூட்டித் துடைப்பது. எங்கள் வாரம் இப்படித்தான் ஓடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கர்த்தருடைய பந்தி. அதற்கு முந்திய வியாழக்கிழமை சபை மூப்பர் வீடு வீடாக வருவார். நடத்தை சரியாக இருக்கிறவர்களுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அந்த வில்லையைத் திருப்பிக் கொடுத்தால்தான் முன் பெஞ்சில் உட்கார்ந்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கலாம். வில்லை கிடைக்காதவர்களுக்குக் கடைசி பெஞ்சு. அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் சபை முழுவதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

பந்தி அப்பம் என் பொறுப்பு. அப்பம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, சுங்கை பினாங்கு ஹபீபா பீவி கடை ரொட்டிதான். சனிக்கிழமை ஆள் அனுப்பி வாங்கி, ஓரத்தை வெட்டித் தள்ளி, சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கி, வெள்ளைத் துணியால் மூடி வைப்பேன். மீந்ததும் என் பொறுப்புதான். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. பந்தி முடிந்துவிட்டால் மீந்தது வெறும் ரொட்டி என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த போதனை. வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டுவிடுவேன்.

அந்த ஏப்ரல் மாதப் பந்தியில்தான் அதைப் பார்த்தேன். எனக்கு முன் பெஞ்சில், கொஞ்சம் பக்கவாட்டில், டோரதி. பெண்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுக்கிறவள், இருபத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தட்டு கை மாறி அவளிடம் வந்தது. ஒரு துண்டு எடுத்தாள். வாய்வரைக்கும் கொண்டுபோனாள். வாயில் போடவில்லை! அப்படியே கையை இறக்கி, மடியில் விரித்திருந்த கைக்குட்டைக்குள் வைத்து மடித்துக்கொண்டாள்.

கர்த்தாவே, உம்முடைய பந்தியிலேயே திருட்டா! ரசம் வந்ததும் தெரியவில்லை, பாட்டு முடிந்ததும் தெரியவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பாசாரிலிருந்து டிராமில் வரும்போது, டோரதி சுங்கை பினாங்கு பக்கம் இறங்கி ஒரு சந்துக்குள் விறுவிறுவென்று போவதைப் பார்த்தேன். அந்தச் சந்தில் ஓர் அம்மன் கோயில் இருந்தது. கோயிலை ஒட்டித் தாயத்து கட்டுகிற ஆள் ஒருவன் இருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வேலை மெனக்கெட்டு அங்கே போய் நின்றேன். வந்தாள். அதே சந்து. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? மாப்பிள்ளை அமைவதற்கு மந்திரம் பண்ணுகிறாள், அதுவும் பந்தி அப்பத்தை வைத்து மந்திரம் பண்ணுகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்றால், என் வீட்டிலேயே ஒருத்தி அப்படிப் போனவள். என் தங்கை நல்லம்மாள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், திருநாவுக்கரசு என்று விபூதி பூசுகிற ஒரு மெஷின் பிட்டரைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். நான் புதன்கிழமைக் கூட்டத்தில் அழுது அழுது ஜெபித்தேன். அந்த மாதமே சபைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். பதினோரு வருஷம் அவள் முகத்தில் நான் முழிக்கவில்லை. அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கிறாள் என்று மட்டும் கேள்வி. போன வருஷக் கடைசியில் அவள் புருஷனிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. பிரிக்காமலே அடுப்பில் போட்டேன்.

ஜூலைப் பந்திக்கு முந்திய புதன்கிழமை, ஐரீன் வீட்டில் கூட்டம். டோரதிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, வரவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயரைச் சொன்னால் அது புறணி, பெயரைச் சொல்லாவிட்டால் அது ஜெபம். நான் பெயரைச் சொல்லவில்லை.

"அன்பின் பிதாவே! சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற எங்கள் சகோதரி ஒருத்தி, உம்முடைய பந்தி அப்பத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயில் சந்துக்குப் போகிறாளே! அவளைத் தடுத்தாட்கொள்ளும் ஆண்டவரே!"

ஜெபத்தின் நடுவிலேயே ஐரீன் கண்ணைத் திறந்துவிட்டாள். "ஐயையோ, டோரதியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணை மூடியபடியே ஆமென் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? அதை இப்போது ஒளிக்க மாட்டேன்.

மறுநாள் பால்ராஜ் மூப்பர் வில்லை கொடுக்க என் வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"டோரதி வீட்டுக்குப் போய்ட்டுத்தான் வரேன்மா. 'அப்பத்த எடுத்துக்கிட்டுப் போனியா?'ன்னு கேட்டேன். 'ஆமா மூப்பரே'ன்னுச்சு. 'எங்க கொண்டுபோன?'ன்னேன். வாயே தொறக்கல. பொலபொலன்னு அழுவுது. நான் என்னாதான் செய்யிறது? வில்லை குடுக்காம வந்துட்டேன்லா."

"நீங்க செஞ்சது சரிதான் மூப்பரே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலின் பக்கத்து அறையில் அப்பத்தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். டோரதி உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, வில்லை தரலைன்னு நான் ஒண்ணும் சொல்லல. கடைசி பெஞ்சிலயே உக்காந்துக்கறேன். எனக்கு ஒரு துண்டு மட்டும் வேணும். இதுல வேணாம். பந்தி முடிஞ்சு மீந்ததுல ஒண்ணு போதும்."

எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! எனக்குத் தலைக்கேறிவிட்டது. "யாருக்குடி? அந்தத் தாயத்துக்காரனுக்கா?"

அவள் என்னை அப்படியே வெறித்துப் பார்த்தாள். "தாயத்தா? அதான் நெனச்சீங்களா? அக்கா, சீக்காளி ஒருத்தங்க இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அடுத்த பந்திவரைக்கும் அவங்க உசுரு தாங்காது."

"யாரா இருந்தாலும் மூப்பர்கிட்ட வில்லை வாங்கிட்டு வரச் சொல்லு."

"அவங்களுக்கு யாரு அக்கா வில்லை குடுப்பா?" என்றாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசி பெஞ்சுக்குக்கூடப் போகாமல் வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு மழை. பந்திக்கு ஆள் குறைவு. தட்டில் இருபது துண்டுக்கு மேல் மீந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் இறைத்தேன். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு தின்றன.

திங்கட்கிழமை காலை, என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசுக்குக் கிளம்பிப் போன கையோடு, வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தலை முழுக்க நரை. நெற்றியில் விபூதி. யாரென்று எனக்குப் பிடிபடவில்லை.

"நான்தான் திருநாவுக்கரசு. நல்லம்மா விடியக்காலைல போய்ட்டாக்கா."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்க போய்ட்டா?" என்று கேட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. போட்டது போட்டபடி கதவைச் சாத்திவிட்டு அவரோடு கிளம்பினேன்.

ரிக்‌ஷா படகுத்துறைப் பக்கம் திரும்பும், படகேறி அக்கரைக்குப் போகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. சுங்கை பினாங்குக்குப் போனது. ஹபீபா பீவி கடையைத் தாண்டியது. அந்த அம்மன் கோயில் சந்துக்குள் நுழைந்தது. "இங்கயா? இங்கயா இருந்தா?" என்று கத்திவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் பக்கமா இருக்கட்டும்னு தை மாசமே இங்க வந்துட்டோம்" என்றார் அவர். "கெளம்புறதுக்கு முன்னாடியே கடுதாசி போட்டிருந்தேனே, உங்களுக்கு வந்து சேரலியா?"

வந்து சேர்ந்தது என்று நான் சொல்லவில்லை.

ஒற்றை அறை வீடு. பலகைக் கட்டிலில் என் தங்கை கிடந்தாள். நாற்பது வயதுகூட ஆகாதவள், கையும் காலும் குச்சியாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஈரத்துணியால் அவள் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் டோரதி.

ஐயோ, என் நாக்கைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

டோரதி எழுந்திருக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. "எனக்கு மொத மொதல்ல பாட்டுச் சொல்லிக்குடுத்தது இவங்கதான்கா. வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில பாத்தேன், அப்பறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து தொடச்சு விடுவேன். பந்தி எடுத்துப் பதினோரு வருஷமாச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. ஏப்ரல்ல என் பங்கக் கொண்டாந்து குடுத்தேன். 'எங்க அக்கா காதுக்குப் போனா இதையும் நிறுத்திடுவா, சொல்லிடாத டோரதி'ன்னாங்க."

என் தங்கைக்கு என்னைப்பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

திருநாவுக்கரசு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் முழுக்க வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா. மழையில டோரதி வெறுங்கையோட வந்துச்சு. நல்லம்மா மொகத்த என்னால பாக்க முடியல. விறுவிறுன்னு போயி ஹபீபா பீவி கடையில ஒரு ரொட்டி வாங்கியாந்தேன். கோயில்லேர்ந்து வந்துச்சுன்னு சொல்லி ஒரு துண்டு பிச்சு வாயில வச்சேன். என்னயப் பாத்து சிரிச்சா. 'உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுங்க'ன்னா. ஆனா தின்னாக்கா. கண்ண மூடிக்கிட்டு மெதுவாத் தின்னா. அப்பறம், 'நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்குங்க'ன்னா. நானும் தின்னேன்."

அது அதே கடை. எங்கள் தட்டில் இருந்ததும் இதுவும் ஒரே அடுப்பில் வெந்த ரொட்டி. ஓரத்தை வெட்டித் துணி போட்டு மூடியதைத் தவிர நான் அதற்கு என்ன செய்துவிட்டேன்?

"எனக்கு உங்க முறையெல்லாம் தெரியாது" என்றார் அவர். "நான் விபூதி பூசுறவன். என் கையால குடுத்ததுனால அவளுக்கு ஏதும் பாவமாயிடுமா அக்கா? உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியும்னு அவ சொல்லுவா."

கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே கேட்டார். என் பதிலுக்காக நின்றார். பால்ராஜ் மூப்பருக்கே எடுத்துச் சொல்கிற நான், தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். அதற்கே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாடத்திலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பாதி ரொட்டி, ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. துணி போட்டு மூட அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

"மிச்சம் இருக்கு. கண்ட எடத்துல போட மனசு வரல. உங்க கோயில்ல மீந்தத என்னாக்கா செய்வாங்க?"

டோரதி துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மீந்ததில் ஒன்று போதும் என்று நேற்று கேட்டவள். எங்கள் கொல்லையில் கோழிகள் கொத்தியது என் கண் முன்னால் வந்து நின்றது. நான் அவர் கையிலிருந்த தட்டை வாங்கினேன். நின்ற இடத்திலேயே, என் தங்கையின் தலைமாட்டிலேயே, அந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டேன். காய்ந்துபோயிருந்தது. தொண்டைக்குள் இறங்கவில்லை. விக்கலெடுத்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

டோரதிதான் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து கொடுத்தாள்.