நாற்பத்தோராம் பெட்டி

இந்தக் காலத்தில் எல்லாருக்கும் எல்லாமே அவசரம். செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டு என்று சொன்னால் போதும், ஒவ்வொருவர் வீட்டிலும் யாரோ ஒருவர் உயிருக்கு இழுத்துக்கொண்டிருப்பார். ஒருத்தன் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று கண்கலங்கிப் போனை வாங்கிக்கொண்டு போனான். படிக்கட்டில் நின்று செருப்புக்கு ஆர்டர் கொடுத்தான். என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு யார் அழுதாலும் நான் அசைவதில்லை.

வாசலில் உட்கார்ந்து செல்போன்களுக்குக் காவல் இருப்பது என் வேலை. மாடியில் நூற்றுச் சொச்சம் பேர் ஊராருடைய காப்பீட்டுப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். எவனோ திரையைப் படம் பிடித்து வெளியே கொடுத்துவிட்டான் என்று, அன்றிலிருந்து போனோடு யாரும் உள்ளே போகக் கூடாது. சுவர் முழுக்க இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி. ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஆட்களின் பேர் என் மனதில் நிற்காது. பெட்டி எண்தான் பேர்.

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாத பெண். அவள் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணுவார்கள், மெயிலும் போடுவார்கள். அவன் பாதி நாள் மயக்கத்தில் கிடப்பவன் என்பதால் இவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். வருகிறோம் என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இரண்டு வருஷமாகத் தன் மெயிலைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை வெளி மெயில் எல்லாவற்றையும் கம்பெனி அடைத்துவிட்டது. கையில் ஒரு தாளோடு இறங்கி வந்தாள்.

"அனுமதி கேட்டு எழுதிக் குடுத்தேங்கய்யா. திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏனாம்?"

"காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. வீட்டுக்காரர் உயிர்னு எழுதினேன். அது அலுவல் காரணம் இல்லையாம்."

பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நெட்வொர்க்காரன் தலையைச் சொறிந்தான். அடைத்தவன் அவன்தான். "ஒருத்தருக்குத் திறந்தா நூறு பேரும் வந்து நிப்பாங்கக்கா. என் மெயிலே எனக்குத் திறக்கல."

"உனக்கு என்னடா மெயில் வரப்போகுது? வழுக்கைக்கு எண்ணெய் வேணுமான்னுதானே" என்றேன்.

"அதுகூட இப்ப வர்றதில்ல பெருசு."

அவள் சிரிக்கவில்லை. "போன் அடிச்சா என்னைக் கூப்பிட்டு விடுங்கய்யா. அது போதும்."

"பார்க்கலாம்மா" என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நாற்பத்தொன்று அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மனை விற்கிறவன், பாலிசி விற்கிறவன் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டியாவது அப்படி அலறும். பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று, நான்கு. ஐந்தாவது தடவை அடித்தபோதுதான் அது நாற்பத்தொன்று என்பது உறைத்தது. எழுந்தேன். மணி பதினொன்று நாற்பது.

மாடிக் கண்ணாடிக் கதவு அட்டை தேய்த்தால்தான் திறக்கும். எனக்கு அட்டை கிடையாது. கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. தட்டினேன். எல்லார் காதிலும் எதையோ மாட்டியிருந்தார்கள். பத்து நிமிஷம் தட்டிய பிறகு நெட்வொர்க்காரன் வந்தான்.

"அவளைக் கூப்பிடுடா. ஆஸ்பத்திரி போன் போல இருக்கு."

"படிவக் கட்டுக்கு நேரம் ஓடிக்கிட்டிருக்கு பெருசு, பாதியில எழுப்புனா என்னைத் தொலைச்சிடுவாங்க. திரைக்கு மெசேஜ் போடறேன்."

"புருஷன் உயிருடா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவன் மெசேஜ் போட்டான். கையிலிருந்த படிவக் கட்டு முடிந்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். பன்னிரண்டேகாலுக்கு ஓடி வந்தாள். அவள் சாவி துளையில் நுழையவே மாட்டேன் என்றது. நான் அவள் கையைப் பிடித்து நுழைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள்.

"இப்பவே கிளம்பறோங்க" என்றாள். பிறகு "சரிங்க" என்றாள். இன்னொரு தடவை "சரிங்க."

போனை இறக்கினாள். "அஞ்சு நிமிஷம் முன்னாடி அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டாங்களாம். மெயிலும் போட்டாங்களாம்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எப்பலேருந்துங்கய்யா அடிச்சுது?"

"பதினொன்னு பத்துலேருந்து."

அவள் என் நாற்காலியைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். போனைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, தன் சாவியைத் திருப்பி, நான் என் சாவியைத் திருப்புவதற்காகக் காத்து நின்றாள். திருப்பினேன். மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். ஒரு தாளைப் படித்துக் காட்டினார். அழைப்பு காவலர் கவனத்துக்கு வந்தவுடன் தாமதமின்றித் தகவல் தெரிவிக்கப்பட்டது என்று இருந்தது.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"தாமதமின்றின்னா?"

"பொதுவா எழுதறதுதான் பெரியவரே. உங்களுக்கும் நல்லது. அவங்களுக்கும் மெயிலைத் திறந்து விட்டாச்சு."

"அரை மணி நேரம் அடிச்சுது. கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். அதை எழுதுங்க."

"எழுதினா உங்க வேலை போயிடும்."

"அரை மணி நேரம் என்னுது. மிச்ச அரை மணி நேரம் உங்க கதவோடது. ரெண்டையும் எழுதுங்க."

"கதவெல்லாம் இதுல வராது. விதிப்படி யார் மேலயும் தப்பு இல்ல." கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.

"அப்ப தப்பு அவ மேலயா?"

அவர் பாதுகாப்பு, நெட்வொர்க், அடுத்த கம்பெனியில் நடந்த திருட்டு என்று பொறுமையாக விளக்கத் தொடங்கினார். நல்ல மனுஷன்தான். என் சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். பேனா நீட்டியபடியே இருந்தது. நான் படியிறங்கும்போதும் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட என் மண்டையில் ஏறவில்லை.