இழுப்பு அளவு

"இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றாள் அருணாதேவி.

வல்லரசு இழுத்தான். நாணில் கோத்திருந்த நீளமான அளவு அம்பு கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. அவன் கை தோளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. முகத்தின் வலப்பக்கம் அசையாமல் இருக்க, இடப்பக்கம் மட்டும் இறுகியது. அம்பு வில்லைத் தொடுகிற இடத்தில் அவள் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டாள். அதே அம்பில், நுனிப்பக்கமாகத் தள்ளி, மங்கிப்போன இன்னொரு கோடு இருந்தது. அது அவனுடைய பழைய இழுப்பு. இரண்டுக்கும் நடுவே நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் சரியாக அடங்கும் போலிருந்தது. கரண்ட் மீட்டரில் எண்ணைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க, போதும்" என்றாள்.

வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் அவன் பி.டி. மாஸ்டராக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேர்க்கடலை நிலத்தின் ஓரத்தில் வில்வித்தை வகுப்பு நடத்துவான். குறி பார்க்கிற கருவி, ஆட்டத்தை அடக்கும் எடைக்கம்பி எதுவும் இல்லாத வெறும் மரவில். கண்ணும் கையும்தான். போன கார்த்திகை தீபத்துக்கு முன்னால், காலை பிரேயர் வரிசையை ஒழுங்குசெய்துகொண்டிருந்தபோது மைதானத்திலேயே சரிந்து விழுந்தான். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் மரத்துப்போயின, பேச்சு இழுத்துக்கொண்டது. கால் ஓரளவு வந்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. கை தூக்குகிறது, மடங்குகிறது. ஆனால் தொடுவது தெரிவதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு ஊசியால் அவன் கையில் தோள்வரை குத்திக்கொண்டே போய், "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். அவன் தலையாட்டி இல்லை என்றான். பக்கத்தில் நின்ற மனைவி அருணாதேவியும் மனதுக்குள் ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை. ஆபீசில் எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றார்கள். மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் "பரவாயில்ல" என்பாள். அந்த வார்த்தை வாயிலிருந்து தானாகவே வந்து விழும். மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், பஸ் பிடிப்பாள். தைரியம் இல்லை அது என்று அவளுக்குத் தெரியும். என்னவென்று மட்டும் தெரியவில்லை.

பிசியோதெரபிக்கு வந்த பெண் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கச் சொன்னாள். வல்லரசுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்காக வைத்திருந்த லேசான வில்லைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னான். ஆனால் அவனுடைய பழைய அம்புகளை அதில் வைத்து விட்டபோது, எல்லாமே இடப்பக்கம் விலகி ஓடி, குறியாக வைத்த வைக்கோல் கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போயின. அவை அவனுடைய பழைய வில்லுக்கு, அந்த வேகத்துக்கு வாங்கியவை. கெட்டியான தண்டு. லேசான வில்லுக்கு அது வளைந்து கொடுக்காது. புறப்படும்போது கொஞ்சம் வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அம்பு நேராகப் போகும். இதை அவன் வகுப்பில் சொல்லி, சமையற்கட்டிலிருந்தே அவள் பலமுறை கேட்டிருக்கிறாள்.

வேலூரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் சகாதேவன், அவனோடு பி.பி.எட். படித்தவர். மாஸ்டர் மறுபடி வில்லை எடுத்துவிட்டார் என்று கேட்டதும், மெல்லியது, நடுத்தரம், கெட்டி என்று மூன்று வகையில் அலுமினியத் தண்டுகளைச் சோதித்துப் பார்க்க அனுப்பிவைத்தார். எது ஒத்துவருகிறதோ அதைச் சொன்னால் போதும். மூங்கிலில் வாங்கினால் என்ன என்று அருணாதேவி கேட்டிருந்தாள். வல்லரசு வெகுநேரம் வார்த்தைகளைத் தேடி, "மூங்கில்... ஒண்ணு மாதிரி... ஒண்ணு இருக்காது. தப்பா போனா... அம்பு மேல... பழி போடலாம். இதுல முடியாது" என்றான்.

அளவெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் வைக்கோல் கட்டை நிமிர்த்தி வைத்தாள். இறகு ஒட்டாத தண்டுகள். இறகு இருந்தால் தப்பை மறைத்துவிடும். முதலில் கெட்டியானதைக் கொடுத்தாள். அவன் இழுத்து நின்றான். நாண் அடித்த சத்தம் கேட்டது. அவன் தன் விரல்களைக் குனிந்து பார்த்தான்.

"விட்டுட்டனா?"

"விட்டுட்டீங்க."

தண்டு கட்டின் இடது ஓரத்தில் வாலை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு கோணலாகக் குத்தி நின்றது. நடுத்தரம் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் கோணல்தான். மெல்லியதைக் கையில் எடுத்தபோதே அதன் லேசு அவளுக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் பயன்படுத்துவது. வல்லரசு அதை வாங்கி நாணில் கோத்தான். இந்த முறையும் விரல்களைக் குனிந்து பார்த்தான், ஆனால் கேட்கவில்லை. தண்டு வைக்கோலில் வால் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். வேலிக்கு அப்பால் கிரிவலப் பாதையில் யாரோ மைக்கில் இளநீர் விற்றுக்கொண்டு போனார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல... இழுத்துடுவேன்" என்றான் வல்லரசு. "கெட்டியானதே... சொல்லு."

அவள் அவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள். வில்லை அவன் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் நிழலுக்குப் போனாள். கெட்டியானதை வாங்கினால் அது ஒரு வருஷம் சும்மா கிடக்கும். மெல்லியதை வாங்கினால் இந்த வாரமே விடலாம். அவளுக்கு எந்தப் பக்கமும் மனம் சாயவில்லை. கடையில் தக்காளி இல்லை என்றால் புளி வாங்குவதுபோலத்தான் இருந்தது. மெல்லியது என்று சொல்லிவிடலாம், பார்சல் வந்தபிறகு அவன் என்ன செய்துவிடப்போகிறான்.

"அண்ணி, எது நின்னுச்சு?" என்றார் சகாதேவன்.

"மெல்லிசுதாண்ணா. கோடு போட்ட அளவு அனுப்பறேன், அதுக்கு வெட்டிடுங்க."

"அது பசங்க சைஸ் ஆச்சே. மாஸ்டர் கிளாஸ் ஆரம்பிச்சிட்டாரா? சந்தோஷம் அண்ணி."

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "இல்லண்ணா. அவருக்குத்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் மேஜைமேல் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு பண்ணலாம் அண்ணி. நடுத்தரத்த வெட்டாம முழு நீளத்துக்கே அனுப்பறேன். நான் அனுப்பினதவிட நீளமா இருந்தா அதுவும் நல்லாவே வளையும். முன்னாடி ஜாஸ்தி நீட்டிக்கிட்டு இருக்கும், அவ்ளோதான். மாஸ்டருக்கு இழுப்பு வந்ததும் வெட்டிக்கலாம். மெல்லிச இப்பவே கம்மியா வெட்டிட்டோம்னா, அப்புறம் அவர் முழுசா இழுக்கவே முடியாது. அம்பு வில்லுக்கு உள்ள வந்துடும், ஆபத்து."

இது நல்ல யோசனையாக இருந்தது. யாரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லாத யோசனை. அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், ஸ்பீக்கரைப் போட்டு போனை வல்லரசின் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. சகாதேவன் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். வல்லரசு கேட்டுக்கொண்டே வைக்கோலில் நின்ற தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளுக்கு அம்பு வாங்க வரும் பெற்றோரிடம் அவன் எப்போதும் சண்டைக்கு நிற்பான். அடுத்த வருஷக் கைக்கு வாங்காதீங்க, அம்பு இன்னிக்கு இருக்கற கையிலிருந்துதான் போவணும் என்பான். அது நினைவுக்கு வந்து, அவன் இப்போது என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அதைச் சொல்லிவிடக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

"சகா..." என்றான். "மெல்லிசு. கோட்டுக்கு... வெட்டிடு."

"மாஸ்டர், யோசிச்சு சொல்லுங்க. வெட்டினா வெட்டினதுதான்."

"வெட்டு."

போன் அணைந்தது. அருணாதேவி அணைந்த போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கோபம் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை மாதமும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவள் தான் என்று நினைத்திருந்தாள். "இன்னும் கொஞ்ச நாள்ல இழுத்துடுவேன்னு இப்பதான சொன்னீங்க" என்றாள். குரல் உடைந்து, வேறு யாருடையதோபோல வந்தது. "உங்கள யாரு கேட்டா? வெட்டுனு சொல்லிட்டீங்க."

அவன் எழுந்து, வலது காலைத் தேய்த்துக்கொண்டு வைக்கோல் கட்டுப் பக்கம் நடந்தான். மெல்லிய தண்டை வலது கையால் பிடித்து இழுத்தான். விரல்கள் வழுக்கின. மறுபடி பிடித்தான். இடது கையைப் பயன்படுத்தவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து நகராமல், முகத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டின்மேல் ஒரு காலை வைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தான். தண்டு சட்டென்று உருவிக்கொண்டு வர, அவன் உதிர்ந்த வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

அவள் ஓடிப்போனாள். தூக்கிவிடக் குனிந்தவள், அவன் எழுந்திருக்க முயலவில்லை என்று கண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்டு வளைந்துவிட்டதா என்று பார்க்க, அவன் அதைத் தன் வலது உள்ளங்கையில் வைத்து இடது விரலால் மெதுவாக உருட்டினான். வெள்ளிக்கோடாக வெயில் அதன்மேல் ஓடிற்று. உருள்வது தெரியாத அந்தக் கையை, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு, அவன் உருட்டிக்கொண்டே இருந்தான்.