ஒரே ஒரு சொல்

சண்முகவடிவின் மகள் நிரோஷாவுக்கு ஏழு வயதில்தான் முதல் சொல் வந்தது. ஆட்டிசம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கண்டி டீச்சர்தான் அதைப் பழக்கினார். சனிக்கிழமைதோறும் கண்டி வகுப்புக்குப் போக, தலவாக்கலை ஸ்டேஷனில் ரயிலைக் கண்டதும் "போலாம்" என்பாள். வடிவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆனால் பயிற்சிச் செலவுக்குக் காப்புறுதிப் பணம் கிடையாதாம்.

"பிள்ளைய ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி வாட்டுல நிப்பாட்டணும்மா. அதுக்குப் பொறகுதான் கிளாசுக்கும் காசு தருவாங்க" என்றார் தேயிலைத் தோட்டத்து நலன்புரி ஐயா. அந்தச் சட்டத்தை எழுதியவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லையோ என்னவோ.

லயத்து வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். வடிவும் பெரியாஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி மகளை வாட்டில் சேர்த்தாள்.

கண் கூசும் வெளிச்சம், ஓயாத அழுகைச் சத்தம். நிரோஷா காதைப் பொத்திக்கொண்டு, தாயின் சேலையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். "போலாம். போலாம்."

"கொஞ்சம் பொறுத்துக்க தங்கம். எல்லாம் ஒனக்காகத்தான்."

மூன்றாம் நாள் பிள்ளை அடங்கிப்போனாள். "இப்பதான் நல்ல பிள்ளை" என்று நர்ஸ் மெச்சினாள்.

காப்புறுதி கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை ரயில் வந்து நின்றது.

"போலாமா தங்கம்? சொல்லு, போலாமா?"

நிரோஷா காதைப் பொத்திக்கொண்டாள். வடிவு கேட்டுக்கொண்டே நின்றாள். ரயில் போய்விட்டது.