நான் சொன்ன ஓகே

"நீ ஓகேன்னு சொன்னா, அதுக்கு என்னடி அர்த்தம்?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசரம்மா கேட்ட கேள்வி. நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். அவரே பதிலும் சொன்னார்: "இந்தச் சட்டைய என் வீட்டுக் குழந்தைக்குப் போடுவேன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு, தான் தைக்கிற கம்பெனியிலேயே செக்கிங் வேலை வாங்கித் தந்தது சித்தி. சட்டைக் கட்டைப் பார்த்து நான் வாய்திறந்து 'ஓகே' சொன்னால்தான் அது பேக்கிங்குக்குப் போகும். நாள் முழுக்க நான் பேசுவது அந்த ஒரு சொல்தான். சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் நோட்டில் அதற்கென்றே நாலு பக்கம் விட்டிருந்தேன். அண்ணன் போனில் சொன்னால், வச்சுத் தொலை என்று அர்த்தம். அப்பா சொன்னால், காதிலேயே விழவில்லை. டாக்டர் சொன்னால், எழுந்திரு, அடுத்த ஆள் வரட்டும். அம்மா சொல்வதுதான் பயங்கரம். ஒரு வாரம் பாத்திரங்கள் சத்தம் போடும்.

செவ்வாய்க்கிழமை மதியம், கழுத்து மடிப்புத் தைக்கும் சித்தியின் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். முழு ஊசியும் சேராவிட்டால் அந்தக் கட்டு நகரக் கூடாது. முனை மட்டும் கிடைக்கவில்லை. சித்தி ஏதோ பழைய ஊசியின் முனையை ஒட்டிவிட்டு, கட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"கீழ எங்கயாவது விழுந்திருக்கும்டி. ஏற்கெனவே ரெண்டு தடவ என் பேர எழுதியாச்சு. இன்னொரு தடவன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓகே சொல்லு, கண்ணு."

"சித்தி, இது கைக்குழந்த சட்ட..."

"நான் தூக்கி வளர்த்த கழுத, எனக்கே சொல்லித் தர்றியா?"

சொல்லிவிட்டேன். கட்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு எடுத்த எந்தச் சட்டையிலும் கண் நிற்கவில்லை. அந்தக் கட்டில் நாற்பது சட்டை. நாற்பது பிஞ்சுக் கழுத்து. டீ நேரத்தில் பேக்கிங் அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டிகளுக்கு டேப் ஒட்டத் தொடங்கியிருந்தார்கள். கால்கள் தாமாகவே சூப்பர்வைசரம்மாவிடம் போய் நின்றன.

"அம்மா, அந்தக் கட்டு... ஓகே இல்ல."

"சத்தமா சொல்லு. வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

சத்தமாகச் சொன்னேன். ஒவ்வொரு மெஷினாக நின்றது.

பெட்டியைப் பிரித்தோம். முப்பத்தோராவது சட்டையின் கழுத்து மடிப்பைத் தடவும்போது என் விரலில் குத்தியது. சூப்பர்வைசரம்மா முனையை வாங்கிப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

சித்தி கத்தரியை மெஷின்மேல் வைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். என் மேசையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். திட்டவாவது திட்டுவாள் என்று விரலை அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.

தாண்டிப் போய்விட்டாள்.